மாம்பலம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் படப்பையில் மனை வாங்கலாமா?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் அவருடைய அப்பா தன் சம்பாத்தியத்தில் 1970களில் வாங்கிக் கட்டிய வீடு, ஒன்றேகால் கிரவுண்டு. தெரு 24 அடி. அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது, உயில் எழுதவில்லை. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். ஒரு பில்டர் வந்து 50:50 ஜாயின்ட் வென்ச்சருக்குக் கேட்கிறார், அதாவது நிலம் இவர்களுடையது, கட்டும் செலவு அவருடையது, கட்டியதில் ஆளுக்குப் பாதி. ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) போக ஐந்து மாடி கட்டுவேன் என்கிறார். அண்ணனுக்கு அதில் இஷ்டம். இவருக்கோ மொத்தமாக விற்றுவிட்டு, வருகிற பணத்தில் ஊருக்கு வெளியே படப்பை, கூடுவாஞ்சேரி பக்கம் பெரிய மனையாக வாங்கிப் போடலாம் என்று ஆசை. “சென்னையில் நிலம் எந்தப் பக்கம் போகிறது, எது லாபம்?” என்பது கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: அக்கா திருச்சியில் செட்டில் ஆகிவிட்டார்.

நான் முப்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அம்மோனியா நெடி அடிக்கும் புளூபிரின்ட் காலத்தில் ஆரம்பித்து, இப்போது எல்லாமே ஆன்லைன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். எந்தப் பக்கம் போகிறது என்று திசை கேட்டு மனை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு ஊர் வெளியே பரவுவதோடு, தன் தலைமேல் தானே ஏறிக்கொண்டும் இருக்கிறது. நிலத்தை வாங்குகிற நாம் கிரவுண்டு என்ன விலை என்று பேசுவோம். எதிரே உட்கார்ந்திருக்கிற பில்டர் மனதுக்குள் வேறு கணக்குப் போடுவார்: இந்த நிலத்தின்மேல் சட்டப்படி எத்தனை சதுர அடி எழுப்பலாம்? அந்தக் கணக்கு தெரியாமல் விற்பதும் தப்பு, கூட்டுக்குக் கொடுப்பதும் தப்பு.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். உங்கள் பேட்டையே அதற்கு நல்ல உதாரணம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். 1920களில் மாம்பலம் நீண்ட ஏரியை வற்ற வைத்துத்தான் தி. நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. அப்புறம் வீட்டு வசதி வாரியம் அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் என்று நகர் நகராக மனை பிரித்தது. 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம்தான் இன்றைய அண்ணா நகர் டவர் பூங்கா பக்கம். ஏரியும் வயலும் மனையாக மாறிய முதல் அலை அது.

இரண்டாவது அலை 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து. ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, சோழிங்கநல்லூர் என்று புஞ்சையும் சவுக்குத் தோப்பும் ஐடி கட்டடங்களாக மாறின. மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளும் செல்போன் கம்பெனிகளும் வந்தன. கிழக்கே கடல் என்பதால் ஊருக்கு மூன்று பக்கம்தான் விரிய வழி, அதில் வடக்கே மணலி, எண்ணூர் ஆலைகள். ஆக ஜனங்கள் தெற்கேயும் மேற்கேயும்தான் ஓடினார்கள். “ஓஎம்ஆரில் வாங்கினால் அஞ்சு வருஷத்தில் டபுள்” என்று டீக்கடையில் பேசிக்கொண்ட காலம். அப்படி நம்பி 2008 வாக்கில் சிறுசேரி தாண்டி ஃபிளாட் வாங்கிய என் நண்பர் ஒருவர், பல வருடம் வாடகைக்கும் ஆள் கிடைக்காமல், மெயின்டனன்ஸும் தண்ணீர் லாரிக்காசும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடம் மோசம் இல்லை. இனி வரப்போகிற நல்லதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கே விலை வைத்து விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது நடப்பது மூன்றாவது அலை. புது நிலத்தைத் தேடுவதைவிட, ஏற்கெனவே கட்டடம் நிற்கிற நிலத்தை மறுபடி கட்டுவதில் பில்டர்களுக்கு ஆர்வம் அதிகம். பெரம்பூர் பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. ராயப்பேட்டையில் பத்திரிகை ஆபீஸ் இருந்த எக்ஸ்பிரஸ் எஸ்டேட் 2010-ல் மால் ஆனது. அண்ணா சாலையில் சஃபையர், ஆனந்த் தியேட்டர்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. அசோக் நகர் உதயம் தியேட்டரும் 2024-ல் மூடப்பட்டது, அங்கேயும் குடியிருப்புதான் வரப்போகிறது. கோடம்பாக்கம், வடபழனியில் ஸ்டூடியோ ஃப்ளோர் இருந்த இடங்களில் ஆஸ்பத்திரி, ஓட்டல், மால். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் லேத் பட்டறை இருந்த பிளாட்டுகளில் கண்ணாடி ஆபீஸ் கட்டடங்கள். இதெல்லாம் பெரிய மீன்கள். சின்ன மீன்தான் உங்கள் மாம்பலம் வீடு. தெருவுக்கு நாலு வீடு இடிபடுகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஏன் இப்போது என்று கேட்டால், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் முக்கியக் காரணம். அதற்கு முன் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 1.5. அதாவது நிலம் 1,000 சதுர அடி என்றால் 1,500 சதுர அடி கட்டலாம். அதை 2 ஆக்கினார்கள். உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை போகலாம், ஆனால் முழுசாகக் கிடைக்க முன்னால் 18 மீட்டர் சாலை வேண்டும். அதற்கும் மேலே காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம்: சாலை 9 மீட்டர் இருந்தால் 30 சதவீதம், 12 மீட்டர் இருந்தால் 40, 18 மீட்டர் இருந்தால் 50. உயர்மாடிக் கட்டடம் என்ற வகைக்குள் விழாமல் கட்டக்கூடிய உயரத்தை 18.3 மீட்டராக்கினார்கள். மாடிக்கு மூன்று மீட்டர் போட்டுப் பாருங்கள், ஸ்டில்ட்டோடு ஐந்து மாடி கச்சிதமாக அதில் அடங்கும். மேற்கு மாம்பலம் தொடங்கி நங்கநல்லூர் வரை எல்லாப் பில்டரும் ஒரே ராகத்தில் “ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்” என்று பாடுவதன் ரகசியம் இதுதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒன்றேகால் கிரவுண்டு என்றால் 3,000 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் 6,000 சதுர அடி. தெரு 24 அடி, அதாவது சுமார் 7.3 மீட்டர். ஆகவே பிரீமியம் எஃப்எஸ்ஐ பேச்சுக்கே இடமில்லை. இந்த 24 அடியும் பத்திரத்தில் இருப்பதா, டேப் வைத்து அளந்ததா என்று பாருங்கள். மாம்பலத்தில் பல தெருக்கள் காகிதத்தில் அகலமாகவும் காலடியில் குறுகலாகவும் இருக்கும். அந்தத் தெரு அகலத்துக்கு எந்த விதியின் கீழ் ஐந்து மாடி, எத்தனை வீடு கிடைக்கும் என்று பில்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். “அப்ரூவல் நாலு மாடிக்கு வாங்கிட்டு மேலே ஒண்ணு போட்டுக்கலாம் சார், எல்லாரும் பண்றதுதான்” என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணி நிறைவுச் சான்று கிடைக்காமல் போனால் கரண்ட் கனெக்‌ஷனும் தண்ணீர் கனெக்‌ஷனும் இழுபறி ஆகும். அப்போது அவர் தன் பங்கை விற்றுவிட்டுப் போயிருப்பார், கட்டடத்தில் குடியிருப்பது நீங்கள்தான்.

50:50 நியாயமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஒரு சதுர அடி கட்ட ஆகும் செலவை ஒரு பங்கு என்று வையுங்கள். 6,000 சதுர அடி கட்ட அவருக்கு 6,000 பங்கு செலவு. அவர் கைக்கு வருவது 3,000 சதுர அடி. உங்கள் தெருவில் புது ஃபிளாட் கட்டுமானச் செலவைப்போல் இரண்டு மடங்குக்கு விற்றால் வரவும் 6,000, அவருக்கு ஒன்றும் மிஞ்சாது, வரவே மாட்டார். மூன்று மடங்குக்கு விற்றால் 9,000 வரும், போட்ட பணத்தில் பாதி லாபம். நான்கு மடங்குக்கு விற்றால் 12,000, போட்டதற்குச் சமமான லாபம். அப்படிப்பட்ட தெருவில் அவர் உங்களுக்கு 60 கொடுத்துவிட்டு 40 வைத்துக்கொண்டாலும் 9,600 வருகிறது, செலவு போக 3,600 நிற்கும். கமிஷன், வட்டி, அப்ரூவல் செலவு எல்லாம் இதில் சேரவில்லை என்பது உண்மை, ஆனாலும் பேரம் பேச இந்த அளவு போதும். பக்கத்துத் தெருவில் போன வருடம் முடிந்த கட்டடத்தில் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துவிட்டு, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அதன்பிறகு உட்காருங்கள். 50:50 என்பது ஏதோ சாஸ்திரத்தில் எழுதி வைத்ததுபோல் பேசுவார்கள். அப்படி எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிறார்கள். 2016-ல் வந்த அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், சொன்ன தேதியில் முடிக்க வேண்டும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ பதிவு தேவையில்லை. உங்கள் மனை சுமார் 279 சதுர மீட்டர். ஆகவே பதிவே செய்யாமல் கட்டலாம். உங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு நீங்கள் போடுகிற ஒப்பந்தம்தான். அதில் முடிக்கும் தேதி, தாமதமானால் மாதா மாதம் எவ்வளவு, அம்மாவின் இடைக்கால வாடகையை யார் கொடுப்பது, என்ன கம்பி, என்ன சிமென்ட், என்ன லிஃப்ட் என்பதுவரை இருக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தை முதல் நாளே முழுசாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வேலை ஏற ஏற அவருக்கு விற்கும் அதிகாரம் ஏறுகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள், நல்ல வக்கீலுக்கு அது தெரியும்.

இதெல்லாம் பேசுவதற்கு முன்னால், திருச்சியில் இருக்கிற அக்கா. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் நால்வருக்கும் சம பங்கு. “நானும் அண்ணனும்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் பாதி, சட்டத்தின் கணக்கில் கால். பில்டர் தரும் 3,000 சதுர அடியை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 750 சதுர அடி. அக்காவோ அம்மாவோ மனம் ஒத்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. கல்யாணத்தில் நகை போட்டாச்சு என்று சொல்லி அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால், அஸ்திவாரம் தோண்டிய பிறகு கோர்ட் நோட்டீஸ் வரும். நான் பார்த்தவரை மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் பாதியில் நிற்கிற கட்டடங்களில் பலதுக்கும் காரணம் பணமில்லை, இப்படிக் கேட்காமல் விடப்பட்ட ஓர் அக்காவோ அத்தையோதான். வாரிசுச் சான்றும் நால்வர் பெயரில் பட்டாவும் முதலில் வரட்டும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் இதே நிலையில் இருக்கிறார்களா? வயதான தம்பதி, வெளிநாட்டில் பிள்ளைகள் என்று மாம்பலத்தில் பாதி வீடு அப்படித்தான். இரண்டு மனையைச் சேர்த்து இரண்டரை கிரவுண்டாகக் கொடுத்தால் பக்கவாட்டில் விடவேண்டிய இடம் மிச்சமாகும், கார் நிறுத்த வசதியாகும், பில்டரிடம் உங்கள் கை ஓங்கும். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டுக்கு மேல் வந்தால் ரெராவுக்குள்ளும் வந்துவிடும். அண்டை வீட்டோடு பேசி முடிப்பது அப்ரூவல் வாங்குவதைவிடக் கஷ்டம் என்பது வேறு விஷயம்.

வரி பற்றி ஒரே வார்த்தை. கூட்டு முறையில் கொடுக்கும் தனிநபர்களுக்கு, பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால், மூலதன ஆதாய வரி கட்டடம் முடிந்ததற்கான சான்று வருகிற வருடத்தில்தான் விழும். மொத்தமாக விற்றால் அந்த வருடமே. ஆடிட்டரைப் பார்க்காமல் எதிலும் தேதி போடாதீர்கள்.

இனி யுடிஎஸ். பிரிபடாத பாகம் என்று பத்திரத்தில் வருமே, அதுதான்: மொத்த நிலத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு உரிய பங்கு. கட்டடத்துக்கு வயதானால் மதிப்பு இறங்கும், நிலத்துக்கு ஏறும். அதனால் ஃபிளாட் வாங்கினாலும் உண்மையில் நாம் வாங்குவது அந்தப் பாகத்தைத்தான். எஃப்எஸ்ஐ 1.5 இருந்த காலத்தில் கட்டிய 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு சுமார் 600 சதுர அடி நிலம் இருக்கும். இன்றைக்கு அகலமான சாலையில் 3.25-ம் அதன்மேல் 50 சதவீதப் பிரீமியமும் சேர்த்து எழுப்பும் கோபுரத்தில் 1,500 சதுர அடி ஃபிளாட் வாங்கினால் பங்குக்கு வருவது சுமார் 300 சதுர அடிதான். நீச்சல்குளமும் ஜிம்மும் கிடைக்கும், நிலம் கிடைக்காது. இதனால்தான் 1980களில் கட்டிய, பெயின்ட் உரிந்த, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்புகளைப் பில்டர்கள் இப்போது வலைவீசித் தேடுகிறார்கள். முன்பெல்லாம் அந்த மாதிரிக் கட்டடத்தில் ஒருத்தர் முறுக்கிக்கொண்டாலும் வேலை நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். பழைய ஃபிளாட்டுக்கு மவுசு ஏறியதில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் கூட்டுத் திட்டத்தில் ஐந்தாறு வீடு வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்நூறு, அறுநூறு சதுர அடி நிலம் நிற்கும். இன்றைய நிலவரத்துக்கு அது நல்ல பங்கு. மொத்தமாக விற்றுவிட்டால் மாம்பலத்தில் அந்த நிலத்தை மறுபடி நீங்கள் வாங்கப் போவதில்லை.

இப்போது படப்பை, கூடுவாஞ்சேரி.

மனை வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே விலை எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாம்பலத்தில் விலை படிப்படியாக ஏறும். வெளியே திடீரென்று ஒரே வருடத்தில் தாவும், பிறகு ஏழெட்டு வருடம் தூங்கும். தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓர் அறிவிப்பு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது, ஆனால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் விலை ஏறியது அதற்குப் பல வருடம் முன்பே. பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்ததும் காஞ்சிபுரம் சாலையில் மரத்துக்கு மரம் “ஏர்போர்ட்டுக்கு பத்தே நிமிடம்” என்று போர்டு. அதற்கு நிலம் போகிற ஏகனாபுரத்து ஜனங்கள் தரமாட்டோம் என்று வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் போர்டில் இருக்காது. மெட்ரோ இரண்டாம் கட்டம் மாதவரம், சிறுசேரி, பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் என்று சுமார் 119 கிலோமீட்டருக்கு நடக்கிறது. அதன் ஓரத்தில் வீடு வாங்கிக் குடியிருப்பவருக்கு நிச்சயம் லாபம். ஸ்டேஷன் பெயரைச் சொல்லி மூன்று கிலோமீட்டர் உள்ளே மனை விற்பவரிடம் வாங்குபவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அரக்கோணம் வரை இப்போது காகிதத்தில் சென்னைதான். இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது, 2026 வரைக்கும் போட்டது. மூன்றாவது தயாராகிறது. இதை வைத்து புரோக்கர்கள் ஒரு புதுப் பாட்டுப் பாடுகிறார்கள்: “சார், மூணாவது மாஸ்டர் பிளான்ல இது கமர்ஷியல் ஆகிடும்.” அரசிதழில் வருகிற வரைக்கும் அதற்குப் பத்துப் பைசா கூடுதலாகக் கொடுக்காதீர்கள். விவசாய உபயோகம் என்று இருக்கிற நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுவதற்கு விண்ணப்பம், பரிசீலனை, கட்டணம் என்று தனி வழி இருக்கிறது. அது முடிந்த நிலத்துக்கும் முடியப்போகிறது என்று சொல்லும் நிலத்துக்கும் ஒரே விலை கேட்பார்கள்.

அப்ரூவல் இல்லாத மனைகளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. மறு வருடம் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் 2007-ல் ஒரகடம் பக்கம் பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொன்ன இரண்டு மனையை வாங்கியிருந்தார். தடை வந்தபோது பெண் கல்யாணத்துக்கு விற்க முடியாமல் தவித்தார். வரன்முறைக் கட்டணம் கட்டி, வளர்ச்சிக் கட்டணம் கட்டி, கடைசியில் விற்றபோது, பேங்கில் டெபாசிட் போட்டிருந்தாலும் இதைவிடக் குறைந்திருக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை. ஆகவே லேஅவுட் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரெரா எண், சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்ததற்கான ஆதாரம், இவை மூன்றும் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விளம்பரத்தில் அச்சடித்த நம்பரை இணையதளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள்.

அதையும் தாண்டிப் பார்க்க வேண்டியது தண்ணீர். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தை ஏரி மாவட்டம் என்று பழைய ஆட்கள் சும்மா சொல்லவில்லை. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும்படி சங்கிலியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மணிமங்கலம், படப்பை, ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் அடையாறாகத் திரண்டு வருகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிவரை தண்ணீர் நின்றதற்கு எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியை மட்டும் சொல்வார்கள். அந்த இரண்டு ஊரும் செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் கலக்கிற இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வந்தது இந்த ஏரிகளின் வழிச்சல். நீங்கள் மனை பார்க்கப் போகிற படப்பை அந்தச் சங்கிலியின் நடுவில் இருக்கிறது. ஆகவே சர்வே எண்ணை வாங்கி, ‘அ’ பதிவேட்டில் அது என்ன வகை, பக்கத்து எண்கள் என்ன வகை என்று பாருங்கள். பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், ஏரி என்று வந்தால், புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் நடந்து பாருங்கள். வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் தார் ரோடு இருந்தால் தண்ணீர் உங்கள் வாசலைத் தேடி வரும். ஊர்ப் பெயரும் சில சமயம் காட்டிக்கொடுக்கும். தாங்கல் என்றாலே ஏரிதான்: பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல். ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் ஒருதரம் போய்ப் பார்க்காமல் மனை வாங்காதீர்கள். பங்குனி வெயிலில் எல்லா மனையும் மேட்டு மனைதான்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த இடம், கரையைச் சுற்றி ஆபீஸும் அபார்ட்மென்ட்டும் குப்பை மேடுமாக ஆகிவிட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், சுமார் 1,248 ஹெக்டேர். அதன்பிறகு சதுப்பைச் சுற்றிக் கட்டட அனுமதி கொடுப்பதே நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று வழக்காகிவிட்டது. முறையாக அப்ரூவல் வாங்கி, கடனும் வாங்கி, பாதி பணம் கட்டியவர்களும் அதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். 2014-ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்துப்போனார்கள். மண் என்ன மண் என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே வேண்டிய அளவு சாட்சி இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாம்பலத்தை விற்கமாட்டேன். அக்காவையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுவேன். பக்கத்து வீட்டைக் கேட்டுப் பார்ப்பேன். மூன்று பில்டரிடம் பேசி, அவர்கள் ஏற்கெனவே கட்டி ஐந்து வருடம் ஆன கட்டடத்தைப் போய்ப் பார்ப்பேன். புதுக் கட்டடத்தின் அழகில் ஒன்றும் தெரியாது, பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று ஐந்தாம் வருடத்தில்தான் தெரியும். மனை ஆசை அப்படியும் விடாது என்றால், சேமிப்பிலிருந்து சின்னதாக ஒன்று, அப்ரூவல் முடிந்த லேஅவுட்டில், ஏற்கெனவே பத்து வீட்டிலாவது ஆள் குடியிருக்கிற இடத்தில் வாங்குங்கள். அங்கே பிறகு வீடு கட்டுவதும் இப்போது சுலபம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. என்னைப்போன்ற ஆட்களுக்குத்தான் அதில் நஷ்டம்.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணறு இருக்கும் என்று நினைக்கிறேன், 1970களில் கட்டிய மாம்பலம் வீடு என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பில்டர் அதை மண் போட்டு மூடத்தான் பார்ப்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். 2003-லிருந்தே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், அந்தக் கிணற்றையே அதற்கு வைத்துக்கொள்ளலாம். மொட்டைமாடித் தண்ணீர் அதில் இறங்குகிற மாதிரி பைப் போட்டு, மேலே கான்கிரீட் மூடி வைத்து, ஸ்டில்ட் தள வரைபடத்தில் கிணறு இருக்கும் இடத்தை இப்போதே குறிக்கச் சொல்லுங்கள்.